ஊக்கு குத்திய பாவாடை

போன மாதம் ஒரு சாயங்காலம் என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னடி என்று பார்த்தால், பாவாடையில் குத்தியிருந்த ஊக்கு எப்போதோ திறந்துகொண்டு இடுப்பில் விரல் நீளத்துக்குக் கீறியிருந்தது. புதுப் பாவாடைதான். கடையில் அவளுடைய வயதைச் சொல்லி வாங்கியது. இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது. அவளுடைய அம்மா காலையில் அவசரத்தில் ஊக்கைக் குத்தி அனுப்பியிருக்கிறாள்.

"ரெண்டு பக்கமும் ஒரு டக் பிடிச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதே, அத்தை. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப வேண்டாம்னு பார்த்தேன்" என்றாள் மருமகள்.

மருமகளை நான் குறை சொல்ல மாட்டேன். எம்.காம். படித்தவள். ஒரு நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். "படிக்கிற பிள்ளை, ஊசியைத் தொடாதே, கண்ணு கெட்டுப்போகும்" என்று அவளை வளர்த்தது என் வயதுக்காரி ஒருத்தி. ஏன், என் மகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். அதனால் இந்தப் பதிவு இளையவர்களைத் திட்டுவதற்கு இல்லை. அறுபது எழுபது வயதில் இருக்கிற நம்மோடுதான் எனக்குச் சண்டை. கையில் இருந்த ஒரு வித்தையை, இது பத்தாம் பசலி என்று சொல்லி, அடுத்த தலைமுறைக்குத் தராமல் பரணில் போட்டவர்கள் நாம்.

இதை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் கூடியிருந்த இடத்தில் சொன்னேன். உடனே ஒரு நண்பர், பெரிய படிப்பாளி, எழுந்துவிட்டார். "டீச்சர், இருநூற்று தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குக் கவுன் வீட்டு வாசலுக்கு வருது. இனிமே யாரு மெஷின் மிதிக்கப் போறா? பொம்பளைங்களைத் திரும்ப வீட்டுக்குள்ள உட்கார வைக்கப் பார்க்கிறீங்களா? எல்லாரும் வீட்டிலேயே தைச்சா டெய்லர் பிழைப்பு என்னாகிறது?" என்று மூன்று கேள்வி. அங்கே பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை, வடை வந்துவிட்டது. இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் காசுக் கணக்கு. இதில் நான் தோற்றுப் போவேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சேலைக்குக் கட்டுகிற உள்பாவாடைக்கு இரண்டு மீட்டர் பாப்ளின் எடுத்தால் எங்கள் பக்கம் ஏறக்குறைய ரெடிமேடு விலையே ஆகிவிடுகிறது. நூல், நாடா, நம் நேரம் எல்லாம் சேர்த்தால் நஷ்டம்தான். ரவிக்கையில் மட்டும் மிச்சம் உண்டு. லைனிங் வைத்துத் தைக்க நானூறு ரூபாய்க்குக் குறைவாக யாரும் வாங்குவதில்லை. ஆனால் ரவிக்கை கஷ்டமான தையல், எல்லோருக்கும் வராது. ஆகவே "வீட்டில் தைத்தால் பணம் மிச்சம்" என்று பழைய பாட்டைப் பாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் இருநூற்று தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு என்ன வருகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். நான் நிஜமாகவே பிரித்துப் பார்த்தேன். மடிப்புக்கு உள்ளே கால் அங்குலம்கூடத் துணி இல்லை. ஓரத்தை ஓவர்லாக் அடித்து விட்டிருந்தது. கீழ் மடிப்பு சங்கிலித் தையல், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் கழன்று வந்துவிடும். நம் வீட்டு மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் ஒவ்வொரு தையலிலும் ஒன்றை ஒன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் நிற்கும். அந்தக் கவுனில் பை கிடையாது. பெண் பிள்ளைக்குச் சில்லறை வைக்க வேண்டியிருக்காது என்று எங்கோ இருக்கிற ஒருவர் முடிவு செய்துவிட்டார். பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிட இடம் இல்லை. மூன்றாம் துவைப்பில் அது கைப்பிடித் துணி.

எங்கள் திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும், ராத்திரியில் அந்தப் பரிகளெல்லாம் மறுபடி நரிகளாகி ஊளையிட்டு ஓடியதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்குடியிலேயே தெரிந்த கதை. தள்ளுபடிக் கடையில் எடுத்த கவுனை முதல் தடவை துவைத்துக் கொடியில் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரைகள் ஞாபகம்தான் வரும். கடைக் கண்ணாடியில் பரியாக நின்றது, கொடியில் நரியாகத் தொங்கும்.

என் அம்மா தைத்த பாவாடையைச் சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு 26 அங்குல நீளம் தேவை என்றால் அம்மா 26 வெட்டமாட்டாள். கீழ் மடிப்புக்கு இரண்டு, மேலே பட்டியில் போக ஒன்று, அதற்கு மேல் டக்குக்கு என்று ஆறு, ஆக 35 அங்குலம். ஒரு அங்குல ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் அது இரண்டு அங்குலத் துணியை விழுங்கும். மூன்று டக். 36 அங்குல அகலத் துணியில் இரண்டு நீளம் எடுத்து மூட்டினால் சுற்றளவு வந்துவிடும். இரண்டு கெஜத்தில் வேலை முடிந்தது. இடுப்புப் பட்டிக்கு அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல். வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி பளிச்சென்று ஒரு பட்டையாகத் தெரியும். வகுப்பில் எல்லாருக்கும் அப்படிப் பட்டைகள் இருந்ததால் யாருக்கும் வெட்கம் இல்லை. "உனக்கு எத்தனை பட்டை?" என்று எண்ணிக்கொண்டு விளையாடுவோம். கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் அந்தப் பட்டையை மறைத்து லேஸ் வைத்திருப்பாள். ஒரு பாவாடை நாலு வருஷம் உழைத்தது என்றால் அதன் சூட்சுமம் அந்த ஆறு அங்குலத்தில் இருந்தது. எந்த ரெடிமேடு கம்பெனியும் அந்த ஆறு அங்குலத்தைத் தரமாட்டான். அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி கடைக்கு வரவேண்டுமே!

என் வயதுப் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2024-இல் பீகாரையும் மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு 70 வயது, இன்னொருவருக்கு 70-ஐ நெருங்கிய வயது. பல பத்தாண்டுகளாகச் சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அந்த இடத்தில் தோல் உரசி உரசி ஆறாத புண்ணாகி, கடைசியில் அது தோல் புற்றாக மாறியிருந்தது. பயப்பட வேண்டாம், அரிதாக வருவதுதான். ஆனால் இடுப்பில் நாடா பதிந்த கறுப்புத் தழும்பு இல்லாத சேலைக்காரி நம்மில் எத்தனை பேர்? கடையில் வாங்கும் உள்பாவாடையில் நூல் மாதிரி ஒரு நாடா, அதைச் சுற்றி ஒரு அங்குலத்துக்கும் குறைவான மடிப்பு. சேலையின் மொத்தப் பாரமும் அந்த ஒரு கோட்டில் இறங்குகிறது. நான் எனக்குத் தைத்துக்கொள்வதில் மூன்று அங்குலத்துக்கு இரட்டைத் துணிப் பட்டி, அகலமான நாடா. பாரம் பரவிவிடும், இறுக்கவும் வேண்டாம். ஐந்து வருஷமாகத் தழும்பு மங்கிக்கொண்டு வருகிறது. இந்த ஒரு பட்டிக்காகவே நான் மெஷினை விற்கமாட்டேன். புண் ஆறாமல் இருந்தால் மட்டும் பட்டியை நம்பாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நண்பரின் இரண்டாவது கேள்வி கனமானது. ஊசி பெண்ணை வீட்டுக்குள் பூட்டிய பூட்டுதானே என்கிறார். உண்மை இல்லாமல் இல்லை. "பொண்ணுக்குத் தையல் தெரியும், பூத்தையலும் தெரியும்" என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் பட்டியல் வாசித்த காலம் எனக்குத் தெரியும். கல்லூரிக்கு அனுப்பாமல் தையல் வகுப்புக்கு அனுப்பப்பட்ட என் தோழி ஒருத்தி இன்றைக்கும் அதை நினைத்து அழுவாள். அவளிடம் போய் நான் ஊசியின் பெருமையைப் பேசினால் என் கன்னத்தில் அறைவாள், அறையட்டும்.

ஆனால் எனக்கு நடந்தது வேறு. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் பெரியவளானேன். 1968 என்று நினைவு. எங்கள் தெருவில் பெரியவளான பிள்ளை பள்ளிக்குப் போவது அபூர்வம். பெரியப்பா வந்து, "இனிமே பாவாடை சட்டையோட அனுப்ப முடியாது. தாவணி வாங்க உன்கிட்டக் காசு இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். காசு இல்லை. அப்பா தவறி இரண்டு வருஷம். அவர் தவணையில் வாங்கிப்போட்ட உஷா மெஷின் மட்டும் திண்ணையில் இருந்தது. தீபாவளிக்கும் வைகாசித் திருவிழாவுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பாள். சிலர் காசு தருவார்கள், பெரியாற்றுத் தண்ணீர் வந்து அறுவடை முடிந்தால் சிலர் நெல் அளப்பார்கள். அன்று ராத்திரி அம்மாச்சியின் சுங்குடிச் சேலையை எடுத்தாள். மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பழைய சுங்குடி. நைந்த பகுதியைக் கழித்துவிட்டு, கெட்டியான பகுதியைப் பாவாடையாகவும் முந்தானைப் பக்கத்தைத் தாவணியாகவும் வெட்டினாள். அம்மாச்சி அழுதுகொண்டே விளக்கைப் பிடித்தாள். சடங்கு முடிந்த அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாவாடையோடு போனவள்தான் பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, 58 வயதில் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றேன். சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தி வந்தபோது வீட்டில் யாருக்கும் புரியவில்லை, நான் ஏன் பேப்பரை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று.

ஆகவே ஊசியால் பூட்டவும் முடியும், திறக்கவும் முடியும். பூட்டியது யார் என்று கேட்டால், பெண்ணுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து ஆணுக்குச் சொல்லிக்கொடுக்காத நாம். வேடிக்கையைப் பாருங்கள். மதுரைப் புதுமண்டபம் நமக்கெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறது? திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம், தூண் தூணாகச் சிற்பம், அந்தத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அநேகமாக ஆண்கள். பத்து நிமிஷத்தில் பாவாடைக்கு நாடா கோத்துக் கையில் தருவார்கள். சில வருஷங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லதுதான், இருந்தாலும் அந்தக் கடகட சத்தம் இல்லாத புதுமண்டபம் எனக்கு ஊமையாகத்தான் தெரிகிறது. நான் கேட்பது இதுதான். காசு வருகிற இடத்தில் ஊசி ஆணுக்கு அழகு, காசு வராத வீட்டில் மட்டும் அது பெண்ணுக்கு அடிமைத்தனமா? என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் அரசாங்க ஃபைல்களைக் கோணி ஊசியால் தைத்தவர். சட்டைப் பட்டன் அறுந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

இயந்திரம் என்றாலே சந்தேகப்பட்ட காந்தியும் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-இல் ஒரு உரையாடலில், மனிதர் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருட்களில் சிங்கர் மெஷினும் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தார் என்று அவர் சொன்ன காரணம் சரித்திரப்படி எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம். 1921 செப்டம்பர் 22-இல் நம் மதுரை மேலமாசி வீதியில் சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறியவர், தைத்த துணி தனக்கே தேவைப்படாத அந்த மனிதர், சொன்ன வார்த்தை அது.

மூன்றாவது, டெய்லர் பிழைப்பு. டெய்லர்களின் பிழைப்பைக் கெடுத்தது வீட்டு மெஷினா, ரெடிமேடா? எந்தக் கடையிலாவது போய்க் கேளுங்கள். தைக்கத் தெரிந்தவள்தான் நல்ல டெய்லரைத் தேடிப் போவாள், கைவேலையின் அருமை அவளுக்குத் தெரியும், கூலியில் பேரம் பேசமாட்டாள். எனக்கு ரவிக்கை தைப்பவர் மேலூரில் ஒரு டெய்லர்தான். கழுத்து வளைவு எனக்கு இன்றுவரை சரியாக வராது.

எங்கள் பக்கத்து ஊர்களில் விடியுமுன் கம்பெனி வேன் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு பிள்ளையிடம் கேட்டேன், என்னம்மா தைக்கிறாய் என்று. "காலர், பாட்டி" என்றாள். வேறே? "காலர் மட்டும்தான். லைன்ல அடுத்த ஆள் கை வைக்கும்." ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் காலர் தைக்கிற பிள்ளைக்குத் தனக்கு ஒரு பாவாடை வெட்டத் தெரியாது. இவளிடம் இருப்பது தையல் தொழிலா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் தையல் வேலைக்கு வந்த பெண்கள். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2021-இல் ஒரு ஆடைத் தொழிற்சாலைப் பெண் கொலையுண்ட பிறகுதான், பாலியல் தொல்லையைத் தடுக்க 2022-இல் தொழிற்சங்கமும் கம்பெனியும் வெளிநாட்டு வியாபாரிகளும் ஒப்பந்தம் போட்டார்கள். இருநூற்று தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று ஒட்டியிருக்கிற சீட்டில் இதெல்லாம் அச்சடிக்கப்படுவதில்லை.

இனி எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். நாம் படித்தபோது பள்ளியில் தையல் டீச்சர் இருந்தார். வாரத்துக்கு இரண்டு பீரியட். கைக்குட்டையில் ஓரம் அடிப்பது, காஜா எடுப்பது, ஹூக் வைப்பது, ஒட்டுப் போடுவது. ஒவ்வொன்றையும் சின்னத் துண்டில் தைத்து நோட்டில் ஒட்டி மார்க் வாங்கினோம். லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு இருந்தது, அதை எழுதித் தையல் ஆசிரியை ஆனவர்கள் உண்டு. பெயர் வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தையல் டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. போன வருஷம் விழாவுக்குப் போனபோது அந்த அறையைத் திறந்து பார்த்தேன். கிழிந்த வாலிபால் வலைக்கு அடியில் மூன்று மெஷின்கள் துருவேறிக் கிடந்தன. பாபின் கேஸ் ஒன்றிலும் இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலான பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு இன்னும் போராடுகிறார்கள். ஒரு பாடத்துக்கு எவ்வளவு மரியாதை என்பது அதைச் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளச் சீட்டில் தெரியும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அரசாங்கம் வருஷத்துக்கு நான்கு செட் சீருடை இலவசமாகத் தருகிறது, அதைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். நல்ல திட்டம், அந்தப் பெண்களுக்கும் வேலை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷினே இலவசமாகக் கிடைக்கிறது. துணி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. ஆனால் வளர்கிற பிள்ளைக்கு அளவு ஒரு அங்குலம் முன்பின் ஆனால் அதைப் பிடித்துத் தைக்க வீட்டில் ஆள் இல்லை, பள்ளியில் டீச்சர் இல்லை. ஊக்கு மட்டும் இருக்கிறது. காலை வழிபாட்டில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் இடுப்பைப் பாருங்கள், எத்தனை ஊக்கு என்று.

யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். நானே பார்க்கிறேன், நல்ல நல்ல பிள்ளைகள் அழகாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் துணியை எந்த அளவு இழுக்கலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது நாம்தான். நமக்குக் கண்புரை வந்து, முழங்கால் போய், நாமும் போய்ச் சேர்ந்தால் திண்ணை மெஷின் பழைய இரும்புக்குத்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஆண் பெண் இருபாலருக்கும் வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். பெரிய தையல்காரர்களை உருவாக்க வேண்டாம். பட்டன், ஹூக், ஓரம் அடிப்பது, தையலைப் பிரிப்பது, இடுப்பைப் பிடிப்பது, கடைசியாக ஒரு சாதாரணப் பாவாடை அல்லது அரைக்கால் சட்டை, இவ்வளவு போதும். அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பேத்தியின் பாவாடையை அன்றைக்கே அவள் கையாலேயே பிரிக்க வைத்தேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் பிடித்தோம், வலது பக்கம் மூட்டில் ஒரு பை வைத்தோம். தையல் கோணல். மருமகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எனக்கும் சொல்லிக் குடுங்க, அத்தை" என்றாள். பேரனும் வருகிறேன் என்கிறான், அவனுக்கு மிதிப்பதில்தான் ஆசை. பின்பக்கமாக மிதித்து இரண்டு தடவை நூலை அறுத்துவிட்டான். தோல் பெல்ட்டும் தளர்ந்துவிட்டது, சக்கரத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மேலூரில் பழைய மாடலுக்குப் பெல்ட்டும் பாபின் கேஸும் கிடைக்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.